சின்னதுரையும் என் மாமியாரின் தண்ணீர்ப் பானையும்

“இவன் மூஞ்சில அடிச்சது யாரு?”

கூடையைத் திறந்து பார்த்ததும் என் மாமியார் அந்தோணியம்மாள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

பிரம்புக் கூடைக்குள் ஒரு கம்பளித் துண்டு. அதன்மேல் வறுத்த ரவை நிறத்தில் குண்டாக ஒரு நாய். முகம் மட்டும் கரி. மூக்கு என்று தனியாக ஒன்றும் கிடையாது, இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துவாரம்தான். நெற்றி முழுக்கத் தோல் மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. கண்கள் இரண்டும் கோலிக்குண்டுகள். வத்தலக்குண்டுச் சாலையின் புழுதியெல்லாம் கூடைமேல் இருந்தது. நாய் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு தும்மல் போட்டது.

யாரும் அடிக்கவில்லை, பிறவியே அப்படி, இது பக் என்ற சீமைச் சாதி நாய் என்று என் வீட்டுக்காரர் விளக்கினார். மாமியார் நம்பவில்லை. வளர்த்த துரைசாணி என்ன கொடுமைக்காரியோ என்று முணுமுணுத்துக்கொண்டே அதன் தலையை ஒரு விரலால், ஒரே ஒரு விரலால், தடவிக் கொடுத்தார்.

ஆரம்பப் பள்ளியில் டீச்சரானது, கல்யாணமானது, திண்டுக்கல்லில் குடித்தனம் தொடங்கியது எல்லாம் போன வாரமே சொல்லியாயிற்று. இந்த வாரம் எங்கள் வீட்டு மூத்த பிள்ளையைப் பற்றி. பெருமையாகத்தான் எழுதப் போகிறேன். பெருமை பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிச் சமையல் குறிப்புக்குப் போய்விடலாம்.

வாந்தி எடுக்காத நாய்

என் வீட்டுக்காரர் சவரிமுத்து, கோடைக்கானல் பஸ் டிரைவர். அந்தக் காலத்து மலைப்பாதையை இன்றைக்குக் காரில் போகிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. டம்டம் பாறை தாண்டுவதற்குள் பாதி பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருக்கும். மீதிப் பாதி எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு சாமியைக் கும்பிடும்.

இவர் பஸ்ஸில் மட்டும் அந்தக் கதை குறைவு. அதில் அவருக்கு ஒரு கர்வமே உண்டு. “வளைவுக்குள்ள போயி பிரேக்க மிதிக்கிறவன் டிரைவரே இல்ல. வளைவு வாரதுக்கு முந்தியே பஸ்ஸுக்குச் சொல்லிரணும்” என்பார். சோறு பிசைந்துகொண்டிருக்கும்போதும் வலது கையைத் தூக்கி அந்தரத்தில் ஒரு வளைவு போட்டுக் காட்டுவார்.

மலைமேல் ஒரு பங்களாவில் வயதான வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் இருந்தார். பல்வலிக்கும் பாங்கு வேலைக்கும் கீழே இறங்கும்போதெல்லாம் இவர் பஸ்ஸுக்காகக் காத்திருந்து, டிரைவருக்கு நேர் பின்னால் உட்காருவார். மடியில் இந்தக் கூடை. மற்ற பஸ்களில் ஏறினால் நாய் கம்பளியெல்லாம் நாசம் பண்ணிவிடுமாம். இவர் பஸ்ஸில் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை.

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் சீமைக்குப் போய்விட, கடைசியில் அந்த அம்மாளும் கிளம்பினார். கப்பலில் அத்தனை நாள் நாய் தாங்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நாயைக் கேட்டுப் பல பேர் வந்தார்களாம். பக்கத்துப் பங்களா பட்லர் தாவீதுதான் எல்லாரையும்விட ஆசையாகக் கேட்டாராம். குட்டியிலிருந்தே தூக்கித் திரிந்தவர், கேட்க நியாயமும் உண்டு. ஆனால் அந்த அம்மாள் என் வீட்டுக்காரரைத்தான் கூப்பிட்டனுப்பினார். “உன் பஸ்ஸில் மட்டும்தான் இவன் நிம்மதியாகத் தூங்குவான், உன்னிடமே தருகிறேன்” என்று, தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னாராம்.

இதைவிடப் பெரிய மெடல் எந்த டிரைவருக்குக் கிடைத்திருக்கும்? சாகும்வரை இவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது நான் சொல்கிறேன்.

தாவீதுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. எல்லார் முன்னாலும், “திண்டுக்கல்லுக்கா? ஒரு கத்திரி தாங்காது. நாயை அவிச்சிருவீங்க” என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாளுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. அதனால் ஒரு பேச்சு வைத்துவிட்டுப் போனார். கத்திரி வெயிலின்போது தாவீது இறங்கி வந்து பார்க்க வேண்டும். நாய் நன்றாக இருந்தால் எங்களுக்கு. வாடிக் கிடந்தால் மலைக்கே, தாவீது வீட்டுக்கே.

நாயின் உயிர் ஒரு பக்கம். எங்கள் ஊரின் மானம் ஒரு பக்கம். இரண்டும் ஒரே கூடையில் வந்து இறங்கின.

பூட்டில்லாமல் எதுவும் இல்லை

நாய் வரும் என்று தெரிந்ததிலிருந்தே வீட்டில் ஏற்பாடுகள் தடபுடல். துரைசாணி வீட்டு நாய் என்றதும் கன்றுக்குட்டி உயரத்தில் ஒன்று வரும் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். மாடு கட்டும் சங்கிலி ஒன்று வாங்கி வந்து புளி போட்டுத் தேய்த்து வைத்தார். மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசாமல் இருந்தார். அவர் குறும்பு அப்படி.

எங்கள் ஊரில் அரிசிப் பெட்டிக்குப் பூட்டு, ஊறுகாய் அலமாரிக்குப் பூட்டு, நாய்க்கு மட்டும் இல்லாமலா? எதிர்வீட்டுப் பூட்டுத் தொழிலாளி ஒருவர், சீமை நாயை யாராவது களவாண்டு போய்விடக் கூடாதே என்று கழுத்துப் பட்டைக்குப் பித்தளையில் சுண்டுவிரல் நகமளவு ஒரு பூட்டுச் செய்து கொடுத்தார். சாவி மாமியாரின் இடுப்புக் கொத்தில் ஏறியது. அந்தக் கொத்தில் ஒரு சாவி ஏறிவிட்டால் அந்தப் பொருள் அந்தோணியம்மாளுடையது என்று அர்த்தம். கல்யாணமாகி வந்த எனக்கே அதில் ஒரு சாவியைத் தொட அனுமதி கிடையாது.

நாய்க்கு அந்த அம்மாள் ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார். மாமியார் அதையெல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை. துரை வீட்டிலிருந்து வந்தவன், ஆள் சின்னவன், ஆகவே சின்னதுரை. இரண்டே நாளில் அவனும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தான்.

அவன் வந்தது தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பில். வீட்டில் கறி மீன் எதுவும் கிடையாது. ஆனால் இவன் ஈரல் சாப்பிட்டு வளர்ந்தவன், கஞ்சியை முகர்ந்துவிட்டு எங்களைப் பார்த்தான். பார்த்த பார்வையில் பெரிய ஏமாற்றம் இருந்தது. மாமியார் ஞாயிறு பூசை முடிந்ததும் நேராகப் பங்குச் சாமியாரிடம் போய், தபசு காலத்தில் நாய்க்குக் கறி சமைத்தால் பாவமா என்று கேட்டார். நோன்பு மனிதர்களுக்குத்தான் என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அன்றே பேகம்பூர் பாய் கடையிலிருந்து ஈரல் வந்தது. கொல்லையில் தனி அடுப்பு, தனிச் சட்டி. மாமியார் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வேகவைத்தார். பாவமில்லைதான், ஆனால் வாசனை பிடித்தால் ஆசை வந்துவிடுமே.

முகம் துடைப்பது என் வேலை. அந்த மடிப்புகளுக்குள் அழுக்குச் சேர்ந்தால் புண்ணாகிவிடும். பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, விரலில் சுற்றி, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துத் துடைக்க வேண்டும். பிறகு ஈரம் போக உலர்ந்த துணி. பள்ளிக்கூடம் போகும் முன் இதைச் செய்யாமல் நான் கிளம்பியதில்லை. முதலில் திமிறினான். பிறகு வேட்டித் துணியைக் கண்டாலே வந்து மோவாயை என் முழங்காலில் வைத்துக்கொள்வான். யாரும் கிட்டே வர அஞ்சும் அந்த முகத்தில் எத்தனை மடிப்பு, எதற்குள் மச்சம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

எஞ்சின் மறைத்த சத்தம்

வந்த அன்றைக்கே அவன் குறட்டை விட்டான். சாதாரணக் குறட்டை இல்லை. மரம் அறுக்கிற சத்தம். விழித்திருக்கும்போதும் மூச்சில் ஒரு கர்கர்.

“இத்தன வருசம் பின்னால வச்சு ஓட்டுனியே, இந்தச் சத்தம் ஒனக்குக் கேக்கலையா அப்பு?” என்று மாமியார் கேட்டார்.

எப்படிக் கேட்கும்? அந்த பஸ்ஸின் எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்தில்தான் உறுமும். ஆளே அலறினாலும் கேட்காது. இவர் விழித்தார்.

மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். குளிரிலேயே வளர்ந்த பிள்ளை, நெஞ்சில் சளி கட்டிக் கிடக்கிறது. குழந்தை குட்டி எத்தனைக்கு மருந்து கொடுத்த கை! தூதுவளையை அரைத்துப் பாலில் கலந்து புகட்டினார். தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவினார். அதன்மேல் பிளானல் துணியைச் சுற்றிக் கட்டினார். குடிக்க வெந்நீர். தயிர் கூடவே கூடாது.

அவனுக்கு வெயில் ஆகாது என்று அந்த அம்மாள் சொல்லியனுப்பியதையும் நாங்கள் மறக்கவில்லை. நன்றாக நினைவு வைத்திருந்தோம். அதனால்தான் அவனை வெளியே விடாமல், வெயிலே எட்டிப் பார்க்காத இடமாகப் பார்த்து வைத்தோம். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட இடம் அடுப்பங்கரையில் அடுப்போரம்.

இதைப் படித்துவிட்டு இப்போது சிரிப்பீர்கள். வெயில் வேறு, சூடு வேறு என்பது அப்போது எங்கள் மூன்று பேர் மண்டையிலும் உறைக்கவில்லை.

கத்திரி

பாஸ்கா என்கிற ஈஸ்டர் முடிந்தது. சித்திரை பிறந்தது. திண்டுக்கல் கோடையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் ஊர்மேல் திருப்பிவிடும். இதில் தண்ணீர்ப் பஞ்சம் வேறு. கிணறுகளில் வாளி தரையைத் தட்டும். விடிவதற்குள் மாமியார் குடத்தோடு கிளம்பி, அலைந்து, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் கொண்டுவருவார்.

சின்னதுரை நாளுக்கு நாள் வாடினான். நாக்கு வெளியே தொங்கியது, அதன் நிறம் கறுத்தது. ஈரலைத் தொடவில்லை. சளி முற்றிவிட்டது என்று மாமியார் இன்னொரு சுற்றுத் துணி சுற்றினார். முகம் துடைக்க நான் உட்கார்ந்தால் எழுந்து வரக்கூட அவனுக்குத் தெம்பில்லை. நானே தவழ்ந்து அவன் பக்கம் போனேன்.

ஒரு நாள் காலை டூட்டிக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “நாளைக்கு நானே மேல கொண்டுபோயி தாவீதுட்ட விட்டுட்டு வாரேன். அவரு வந்து பாக்குறவரைக்கும் இவன் தாங்க மாட்டான்.”

அவர் அப்படித் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. மாமியார் கூடையை எடுத்துத் தட்டி, கம்பளியைக் கொல்லையில் உலரப் போட்டார்.

பானையடி

அன்று மத்தியானம். கோடை விடுமுறை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். மாமியார் இரண்டாம் நடை தண்ணீருக்குப் போயிருந்தார். சோறு வடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அவன் படுத்திருந்த சாக்கின்மேல் பிளானல் துணி மட்டும் கிடக்கிறது. ஆளைக் காணோம்.

வாசல், கொல்லை, கட்டிலுக்கடியில் எல்லாம் தேடினேன். அப்புறம் குறட்டையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானை அடுப்பங்கரையின் கோடி மூலையில், செங்கல் அணைத்துப் பரப்பிய ஆற்றுமணல் மேல் இருக்கும். பானை கசியும், மணல் எப்போதும் நனைந்தே கிடக்கும், அதனால் தண்ணீர் குளிரும். வீட்டிலேயே சுத்தமான இடம் அதுதான். கை கால் கழுவாமல் யாரும் கிட்டே போக முடியாது. பஸ்ஸிலிருந்து வரும் மகனுக்கே மாமியார் மொண்டுதான் கொடுப்பார். நான் அந்தப் பானையில் கை வைக்க அனுமதி வாங்குவதற்கு ஒரு மழைக்காலமே கடந்துவிட்டது.

அந்த மணலில், பானையைக் கட்டிக்கொண்டு, வயிறு படிய, பின்னங்கால் இரண்டையும் தவளை மாதிரி பின்னால் நீட்டிப்போட்டுச் சின்னதுரை தூங்கிக்கொண்டிருந்தான். எச்சில் ஒழுகும் வாய் பானையின்மேல். வந்த நாளிலிருந்து அவன் அவ்வளவு நிதானமாக மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை.

அவனைத் தூக்கி எறிந்துவிட்டு மணலை மாற்றிவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் குடம் இறங்கும் சத்தம். மாமியார் நின்றுகொண்டிருந்தார். நெற்றியிலிருந்து வேர்வை ஊற்றியது. நான் செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

“சத்தம் போடாத தாயி. தூங்குறான்.”

அவ்வளவுதான் சொன்னார். கிட்டே வந்து குந்தினார். கையை அவன் வயிற்றுக்கடியில் விட்டு மணலைத் தொட்டுப் பார்த்தார். கீழே கிடந்த பிளானல் துணியை எடுத்துப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

“சளின்னு நெனச்சு புள்ளைய வேகவச்சிருக்கேனே” என்றார், மெதுவாக.

பிறகு எழுந்து, அரைப்பானைத் தண்ணீரோடு அந்தப் பானையை அலுங்காமல் தூக்கினார். அவன் விழிக்கவில்லை. பானையைக் கொண்டுபோய் ஜன்னலோரத்துப் பலகையில் வைத்தார். வெயிலடிக்கிற ஜன்னல்.

“அத்தை, தண்ணி சுட்டுப் போகுமே” என்றேன்.

“பானை எங்கன வேணா இருக்கும். இவனுக்கு வேற எடம் இல்ல.”

அப்புறம், தலையில் சுமந்து வந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு, அவனைச் சுற்றி மணலில் ஊற்றினார். அந்தக் கோடையில் திண்டுக்கல்லில் தண்ணீரைத் தரையில் ஊற்றியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் மகன் வந்ததும் பார்த்தார். கூடை பரணில் ஏறியிருந்தது. மறுநாள் பஸ் நாய் இல்லாமல்தான் மலையேறியது.

உலை வாயும் ஊர் வாயும்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சேதி தெருவில் பரவிவிட்டது. சனங்கள் ஒரு குடம் தண்ணீருக்கு அலைகையில் நாய்ப்படுக்கைக்குத் தண்ணீரா என்று பக்கத்து வீட்டம்மா வாசலுக்கே வந்து கேட்டார். நியாயமான கேள்விதான்.

மாமியார் சண்டைக்குப் போகவில்லை. தாம் குளிக்கிற தண்ணீரில் அதைக் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். சொன்னபடியே செய்தார். அந்தக் கோடை முழுக்க அவர் குளித்தது எத்தனை சிக்கனம் என்று எனக்குத் தெரியும்.

அவர் அப்படிச் செய்தபின் நாங்கள் சும்மா இருக்கலாமா? என் வீட்டுக்காரர் மலையிலிருந்து வெட்டிவேர் கொண்டுவந்து தட்டி கட்டித் தொங்கவிட்டார். அடுப்பைக் கொல்லைக்கு மாற்றி, நான் முருங்கை நிழலில் சமைத்தேன். தயிர்ச்சோறு கண்ட சின்னதுரை தட்டைச் சுவர்வரை தள்ளிக்கொண்டுபோய் நக்கினான். நாக்கு மறுபடி ரோஜா நிறத்துக்கு வந்தது. வேட்டித் துணியை எடுத்ததும் எழுந்து வந்தான். மோவாயை முழங்காலில் வைத்தான். நான் துடைக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் பல கோடைகளை அவன் அந்த மணலிலேயே கழித்தான். என் பிள்ளைகள் அவன் வாலைப் பிடித்துத்தான் நடக்கப் பழகினார்கள். அதெல்லாம் பிந்திய கதை. பட்லர் தாவீது வந்த நாளுக்குத் திரும்புகிறேன்.

ஒரு சொம்பு தண்ணீர்

கத்திரியின் உச்சத்தில்தான் வந்தார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் புதுக் கூடை. அதைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாயைக் கொண்டுபோவதென்று முடிவு பண்ணிக்கொண்டே வந்திருக்கிறார்.

இருந்தாலும் வெயிலில் வந்தவர் ஆயிற்றே. உட்காரச் சொல்லி, சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது.

“பானைத் தண்ணியாம்மா இது? வெந்நி கணக்கா இருக்கு. மனுசன் குடிக்கவே குளுந்த தண்ணி இல்லாத வீட்ல நாய் எப்படிம்மா பொழைக்கும்?”

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் மாமியார் முந்திக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை.

“வீட்ல குளுந்த எடம் ஒண்ணுதாங்க இருக்கு. வந்து பாருங்க.”

அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போனார். சொம்பைக் கையில் பிடித்தபடியே தாவீது பின்னால் போனார்.

வெட்டிவேர் வாசனை. மூலையில் செங்கல் அணைப்பு. நனைந்த மணல், அதன்மேல் பானை இல்லை. பானை இருந்த பள்ளத்தில் சின்னதுரை குண்டாக, பளபளவென்று, தவளைக்கால் நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கழுத்தில் பித்தளைப் பூட்டு மின்னியது. ஜன்னலோரத்தில், வெயிலில், பானை.

தாவீது வீட்டு வேலை தெரிந்தவர். அந்த மூலை எதற்கான மூலை என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மணலைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். நாயைக் கூப்பிடவோ தொடவோ இல்லை. தூக்கம் கலைந்துவிடும் என்று நினைத்திருக்கலாம்.

பிறகு சொம்பை உயர்த்தி, மிச்சமிருந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

“இன்னொரு சொம்பு குடுங்கம்மா” என்றார் என்னிடம்.

ஜன்னலோரத்துப் பானையிலிருந்து மொண்டு கொடுத்தேன். சுட்டது. அந்தத் தண்ணீரைக் கொடுத்தபோது இருந்த பெருமை, பின்னாளில் குளிர்சாதனப் பெட்டி வாங்கி ஐஸ் போட்டுக் கொடுத்தபோதுகூட எனக்கு வந்ததில்லை.